கடுகுப் பொட்டலம்

எங்கள் ஊரில் எந்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது அந்தந்த வீட்டு ஆண்களைவிடக் கடைக்கார அண்ணாச்சிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததை ஒரு நாளும் வெளியே விட்டதில்லை. அந்தக் குணத்துக்காகத்தான் ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. பிறகு அதே குணத்துக்காக என் அம்மா அவரிடம் போய் நின்று ஒரு கேள்வி கேட்டாள். அதன்பின் நடந்ததை நினைத்தால் இத்தனை வயதான பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை.

வடசேரிச் சந்தைக்கு நடந்தே போய்வரும் தூரத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே அவருடைய பலசரக்குக் கடை. ஊருக்கே அவர் அண்ணாச்சி. அவரைவிட மூத்தவர்களுக்கும் அண்ணாச்சி, பால்குடி மறக்காத பிள்ளைகளுக்கும் அண்ணாச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது என்னவென்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

ஒல்லியான உடம்பு, பின்னால் சின்னக் குடுமி, தோளில் துவர்த்து என்கிற ஒரு துண்டு. வாயில் எப்போதும் வெற்றிலை. பேசாமல் இருக்க அதைவிட நல்ல சாக்கு உண்டா? யாராவது அடுத்த வீட்டுக் கதையை மெல்ல எடுத்தால் கையை உயர்த்திக் காட்டிவிட்டு, துப்புவதற்காகக் கடைக்குப் பின்னால் போவார். நிதானமாகத் திரும்பி வருவார். அதற்குள் கேட்டவருக்கே கேட்டது மறந்துபோயிருக்கும். மறக்காமல் நின்று மறுபடியும் கேட்கிற ஆட்களுக்கு ஒரே பதில்தான்.

“இங்க சரக்குதான் உண்டு. சங்கதி கிடையாது.”

சாமான் கட்டுவதிலும் அப்படித்தான். வாழைச் சருகில் ஒரு முறை மடித்தால் போதும் என்பது மற்றக் கடைக்காரர்களின் கணக்கு. இவர் இரண்டு முறை மடித்து நாரால் கட்டுவார். ஒருத்தி வாங்குவது பக்கத்தில் நிற்பவளுக்குத் தெரியக்கூடாது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் அவர் மனைவி மட்டும்தான். அந்த அம்மாள் குளத்தங்கரையில் துணி துவைத்தபடி அலுத்துக்கொள்வாள். “ஊர்க்கதை அறியணும்னா நான் இங்கதான் வரணும். எனக்கெ வீட்டுல ஒரு அம்மிக்கல்லுல்லா இருக்கு!” எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் சிரிக்கிற ஒவ்வொருத்திக்கும் அந்த அம்மிக்கல்லிடம் ஒரு ரகசியமாவது இருந்தது.

மேலத்தெருவில் ஒரு வீட்டு மருமகளுக்கு மாமியார் வயிறாரச் சோறு போட மாட்டாள். அவள் முந்தானையில் கொஞ்சம் அரிசி முடிந்துகொண்டு வந்து, அதைக் கொடுத்துக் கருப்பட்டி வாங்கிக் கடை ஓரத்தில் நின்றே தின்பாள். தின்று முடிக்கும்வரை அவர் சுவர்ப்பக்கம் திரும்பித் தராசைத் துடைத்துக்கொண்டிருப்பார். அந்தத் தராசுத் தட்டு முகம் பார்க்கிற மாதிரி மின்னியதற்கு அந்த மருமகளின் பசிதான் காரணம். ஒரு நாள் மாமியார் நேராக வந்து நின்றாள்.

“எனக்கெ மருமவ இங்க வந்தாளா?”

“வராத ஆளு யாரு உண்டு? ஊரே வருது.”

“என்ன வாங்கினா?”

கையை உயர்த்திக் காட்டிவிட்டுத் துப்பப் போய்விட்டார்.

எங்கள் வீட்டுக்கும் அவர் செய்த உபகாரம் உண்டு. என் அப்பாவின் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. பனிக்காலம் வந்தால் திப்பிலியும் மிளகும் வாங்கித் தீராது. அத்தையைப் பெண் கேட்டுத் தக்கலைப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தபோது, எல்லோரும் செய்வது போல முதலில் கடையில் வந்துதான் விசாரித்தார்கள். பெண்ணுக்குச் சீக்கு ஏதும் உண்டா என்று கேட்டார்களாம். “நல்ல குடும்பம். புளியும் கருப்பட்டியும் நல்லா வாங்குவாவ” என்று சொல்லி அனுப்பினார். கல்யாணம் நடந்தது. அத்தை இழுப்போடுதான் நாலு பிள்ளை பெற்று, பேரப்பிள்ளைகளும் கண்டாள். அன்று அவர் வாயைத் திறந்திருந்தால் அத்தை எங்கள் வீட்டு மூலையிலேயே கிடந்திருப்பாள். வாய் திறக்காத மனுஷன் என்றால் இவரல்லவா என்று என் அப்பா சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், நான் மூன்றாம் வகுப்பிலும் என் தங்கை ஒன்றாம் வகுப்பிலும் இருந்த வருஷம், பங்குனி வெயிலோடு அம்மை வந்தது.

அம்மை என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ‘அம்மன் வந்திருக்கா’ என்பார்கள். வாசலில் வேப்பிலை தொங்கினால் அந்த வீட்டுக்கு யாரும் போக மாட்டார்கள், அந்த வீட்டிலிருந்தும் யாரும் வரமாட்டார்கள். வடசேரியில் பாதிக் கடைகள் அடைபட்டன. கோட்டாற்றிலிருந்து சரக்கு வண்டி வருவது குறைந்தது. அண்ணாச்சி மட்டும் கடையை அடைக்கவில்லை. வாசலுக்குக் குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டி, எல்லோரையும் அதற்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லி, பொட்டலங்களைச் சுளகில் வைத்து நீட்டினார். “நானும் அடைச்சா ஊரு உப்புக்கு எங்க போகும்?” என்றார்.

பள்ளிக்கூடத்தில் பெரிய சார் ஒவ்வொரு வகுப்பாக வந்து சொன்னார். வீட்டில் யாருக்காவது கண்டிருந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகள் வரக்கூடாது. சொல்லிவிட்டால் ஆயிற்றா? வீட்டில் கண்டிருப்பதை யார் ஒத்துக்கொள்வார்கள்? பால், மோர் விற்கிற வீடு என்றால் வியாபாரம் அன்றோடு நிற்கும். கூலிக்குப் போகிற வீடு என்றால் யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால் வேப்பிலையை வாசலில் கட்டாமல் உள்ளே, படுக்கைக்கு மேலே கட்டிய வீடுகளும் இருந்தன. பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளவும் எல்லோராலும் முடியவில்லை. என் அம்மா நெல் அவித்து, குத்தி, அரிசியாக விற்பாள். முற்றத்தில் அண்டா கொதிக்கும்போது ஐந்து வயதுப் பிள்ளை குறுக்கும் நெடுக்கும் ஓடினால் என்ன செய்வது? பள்ளிக்கூடம் திறந்திருந்தால் பயம், அடைத்தால் அதைவிடப் பயம்.

மறைக்கிற வீட்டைக் கண்டுபிடிக்கப் பெண்களுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அம்மன் இருக்கிற வீட்டில் தாளிக்கக்கூடாது. எண்ணெய் புகையக்கூடாது, வற்றல் மிளகாய் கமறக்கூடாது, கடுகு வெடிக்கக்கூடாது. சட்டியில் கடுகு வெடித்தால் உடம்பில் முத்து வெடிக்கும் என்பார்கள். எத்தனை துணிச்சலாக ஊரிடம் மறைத்தவளும் இந்த ஒன்றை மட்டும் மீற மாட்டாள். அம்மனிடம் மறைக்க முடியாதல்லவா? ஆகவே மற்றக் காலத்தில் ஒருத்தி கழுத்து நகையை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்த பெண்கள், அந்தப் பங்குனியில் ஒருத்தி கடவத்தை, சாமான் வாங்கும் ஓலைப்பெட்டியை, ஒருத்தி பார்த்தார்கள். கடையில் நிற்கும்போது கண்ணெல்லாம் பக்கத்துக் கடவத்துக்குள்தான். கடுகு வாங்கினாளா, வாங்கவில்லையா?

எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானம் மோர் கொண்டுவந்து விற்பவள் ஒரு விதவை. மோர்க்கார அக்கா என்போம். அவளுக்கு வயதுக்கு வந்த ஒரு மகள், அதற்குக் கீழே ஒரு மகன். மகன் என் தங்கையின் பக்கத்தில் உட்காருகிறவன். ஒரு நாள் சாயங்காலம் அவள் கடையில் மூங்கிலுக்கு அந்தப் பக்கம் நின்று உப்பும் அரிசியும் வாங்கினாள். அம்மாவும் நானும் அடுத்து நின்றோம். எங்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று நான்கு பெண்கள்.

“வேற?” என்று கேட்டார் அண்ணாச்சி. யாரையும் அப்படித்தான் கேட்பார்.

“வேற ஒண்ணும் வேண்டாம்.”

எல்லோர் கண்ணும் அவள் கடவத்துக்குப் போனது. மோர்க்கார அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணாச்சி அவளைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பிறகு என்றும் இல்லாத உரத்த குரலில் சொன்னார்.

“என்ன பிள்ளே, கடுக மறந்துட்டியே? தீந்து போச்சுன்னு காலத்தேயே சொன்னியே!”

சொல்லிக்கொண்டே கடுகை அள்ளினார். அன்று ஒரே மடிப்புதான். மடிக்கும்போது கடுகு எல்லோருக்கும் தெரிந்தது. சுளகில் வைத்து நீட்டினார். அவள் அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு நடந்துபோனாள்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அம்மாவுக்கு மனசு லேசாக இருந்தது. “அவ வீட்டுல ஒண்ணும் இல்ல கேட்டியா. கடுகு வாங்கிட்டுப் போறா. நீங்க ரெண்டு பேரும் தைரியமாட்டு பள்ளிக்கூடம் போலாம், மோரும் குடிக்கலாம்” என்றாள்.

போனோம். குடித்தோம். சித்திரை பிறந்ததும் என் தங்கை காய்ச்சலில் விழுந்தாள்.

அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனசில்லை. வாசலில் வேப்பிலை கட்டினோம். அப்பா வெளியே மாட்டுத் தொழுவத்தில் படுத்தார். யாரும் எட்டிப் பார்க்காத எங்கள் வீட்டுக்கு மோர்க்கார அக்கா ஒருத்திதான் வந்தாள். மொட்டைக் கழுத்தும் வீங்கிய கண்ணுமாக ஒரு கட்டு வேப்பங்குலையோடு வந்து நின்றாள். அவள் மகள் இறந்துபோயிருந்தாள். மகனுக்கும் கண்டு, லேசாக இறங்கிவிட்டது.

“அக்கா, எனக்கு சின்னதிலேயே வந்து போனதுதான், இனி ஒண்ணும் செய்யாது. நான் பிள்ளைய பாத்துக்கிடுகேன். நீங்க கொஞ்சம் கண்ண மூடுங்கோ” என்றாள்.

அப்படிச் சொன்னவள் தொப்பென்று தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். கடையில் நின்ற அன்றைக்கே மகளுக்குக் கண்டு நாலைந்து நாளாகிவிட்டது, மோர் நின்றால் கஞ்சிக்கு வழியில்லை என்று மறைத்தேன், மகனையும் ஆள் சந்தேகப்படக்கூடாது என்று பள்ளிக்கூடம் அனுப்பினேன் என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

“கடுகு நான் கேக்கல்ல அக்கா. அண்ணாச்சி தானாட்டு தந்தாரு. அந்தப் பொட்டலம் அவுக்காம அப்படியே இருக்கு.”

அம்மா அவளை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மகளைப் பறிகொடுத்தவளை என்ன சொல்வது? என் தங்கையின் தலைமாட்டில் அவளை உட்காரவைத்துவிட்டு, பின்வாசலில் போய் நின்றாள். அம்மாவுக்கு இன்னொரு வேதனையும் இருந்தது. அதற்கு முந்தின வருஷம் அம்மைக்குத் தடுப்பூசி குத்துகிறவர் ஊருக்கு வந்தபோது எனக்குக் குத்திவிட்டார்கள். தங்கைக்கு அன்று சளி என்று அம்மா அவளை வைக்கோல் படப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அதைப் பற்றி அம்மா சாகும்வரை பேசியதில்லை. நாங்களும் பேசவில்லை.

தங்கை பிழைத்தாள். கண் இரண்டும் போய்விட்டன.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள். நானும் பின்னால் ஓடினேன். வெயில் நேரம், கடையில் வேறு யாருமில்லை. அண்ணாச்சி தங்கையின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

“அண்ணாச்சி, அவ வீட்டுல அம்மன் இருந்தது உங்களுக்கு தெரியுமா?”

அவர் துப்பப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. வாயிலிருந்த வெற்றிலையை விழுங்கிவிட்டு, “அறிஞ்சேன் தங்கச்சி” என்றார்.

“அறிஞ்சுகிட்டா எங்க கண்ணுக்கு முன்னால கடுகு மடிச்சிய?”

“எல்லாரும் அவ கடவத்தையே பாத்துகிட்டு நின்னிய. மோரு நின்னா அவளுக்கு கஞ்சி இல்ல. எனக்கு அது மட்டும்தான் தோணிச்சு.”

“எனக்கெ பிள்ளைக்கெ கண்ணு தோணல்லியா?”

அவர் நின்ற இடத்திலேயே கையைப் பிசைந்தார். அம்மா அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். மூங்கிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், தங்கையை அவர் முன்னால் இறக்கி நிறுத்தினாள்.

“இவ தலையில கை வச்சு சொல்லுங்கோ. இனி ஏதாவது வீட்டுல அம்மன் வந்தது உங்களுக்கு தெரிஞ்சா வாயத் தொறந்து சொல்லணும். அவ எனக்கு வேண்டப்பட்டவளா இருந்தாலும் சொல்லணும்.”

அண்ணாச்சி கையைத் துவர்த்தில் துடைத்துக்கொண்டார். தங்கையின் தலையில் வைத்தார். “சொல்லுகேன்” என்றார். யார் கை என்று தெரியாமல் என் தங்கை அந்தக் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு அம்மா அந்தக் கடைக்குப் போகவில்லை. என்னைத்தான் அனுப்புவாள். தங்கையும் என் கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். கடை வாசனை அவளுக்குப் பிடிக்கும். அம்மா தடுக்கவில்லை. அண்ணாச்சி வெற்றிலை போடுவதை விட்டுவிட்டார். வாய் வெறுமனே இருந்ததில் அவர் முகமே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஏதோ சொல்ல வருகிறவர் போல எப்போதும் ஒரு தோற்றம்.

ஒரு வருஷம் விட்டு, முப்பதுகளின் தொடக்கத்தில், மறுபடியும் அம்மை வந்தது. இந்தத் தடவை எங்கள் ஊருக்கு வரவில்லை. பக்கத்து ஊர்களில் இருந்தது. ஆனால் வருமோ வருமோ என்று எல்லோருக்கும் உயிர் போய்வந்தது. அதே மூங்கில், அதே சுளகு. மாறியவர் அவர் ஒருவர்தான். முன்னெல்லாம் பார்த்தும் பார்க்காதது போல இருந்தவர், இப்போது சாமான் வாங்கும் பெண்களின் கடவத்தைக் குனிந்து குனிந்து பார்த்தார். இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். என் அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

கால்வாய்க்கரையில் ஒரு வீடு இருந்தது. புருஷன் தேயிலைத் தோட்டக்காட்டு வேலைக்குப் போனவன், போன தகவலோடு சரி. பெண்டாட்டி கூலிக்குப் போய் மகளைப் படிக்க வைத்தாள். மகள் பொன்னுத்தாய் என் வகுப்பு. கணக்கில் எங்கள் எல்லோருக்கும் மேலே. சார் கரும்பலகையில் எழுதி முடிக்கும் முன்னால் இவள் விடையைச் சொல்லிவிடுவாள். ‘இவ படிச்சு இங்கேயே சாரா வருவா’ என்று பெரிய சார் சொல்வார். அவள் அம்மாவுக்கு அந்த வார்த்தையைக் கேட்டால் போதும், வயிறு நிறைந்துவிடும். வேறு எதைக் கொண்டும் அந்த வயிறு நிறைந்ததில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வருஷம் குளத்தில் தண்ணீர் இல்லாமல் கும்பப்பூ நெல் கருகிப்போயிருந்தது. அறுப்பு இல்லை, அறுப்புக் கூலி இல்லை. ஊரில் எல்லோருமே குறைத்துத்தான் வாங்கினார்கள். அண்ணாச்சிக்கு அது தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் அவர் மனசெல்லாம் என் தங்கையின் தலையில் வைத்த கையில்தான் இருந்திருக்க வேண்டும். கால்வாய்க்கரை வீட்டுக்காரி கொஞ்ச நாளாகக் கடுகு வாங்கவில்லை, வற்றல் மிளகாய் வாங்கவில்லை என்பது மட்டும் கண்ணில் பட்டது. ஒரு வார்த்தை அவளிடமே கேட்டிருக்கலாம். ஆனால் அவர் ஆயுசில் யாரிடமும் எதையும் கேட்டவரில்லை. சொல்லாமலே இருந்து பழகியவருக்குக் கேட்கவும் தெரியாமல் போயிருந்தது.

கடையைப் பாதியில் விட்டுவிட்டு, துவர்த்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, தெருவைக் கடந்து போய்ப் பெரிய சாரிடம் சொன்னார்.

மறுநாள் காலை பொன்னுத்தாயைப் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்தினார்கள். பெரிய சார் மெதுவாகத்தான் சொன்னார். “வீட்டுல எல்லாம் செரியான பொறவு வா மக்கா.” அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “என்னது செரியாகணும் சார்?” என்று கேட்டாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் விலகிக்கொண்டார்கள். அவள் பக்கத்தில் உட்காருகிறவளை வீட்டுக்கு அழைத்துப் போக அந்தப் பிள்ளையின் அப்பா ஓடிவந்தார். மத்தியானத்துக்கு மேல் கால்வாய்க்கரைப் படித்துறையில் யாரும் இறங்கவில்லை. அவள் அம்மாவுக்கு நெல் குத்தக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரே வீடும் ஆள் அனுப்பி வரவேண்டாம் என்றது.

சுகாதாரத்துக்காரர் வந்து வீட்டுக்குள் பார்த்தார். தாயும் மகளும் மட்டும்தான் இருந்தார்கள். இரண்டு பேர் உடம்பிலும் ஒரு புள்ளி கிடையாது.

அன்று சாயங்காலம், கடையில் கூட்டம் நிற்கிற நேரமாகப் பார்த்து அவள் வந்தாள். அவளைக் கண்டதும் எல்லோரும் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். எனக்குப் பரீட்சைத் தாள் வாங்க என்னோடு வந்திருந்த அம்மா, கடைக்குள் வராமல் பள்ளிக்கூட மதிலோரம் நின்றாள். எல்லாம் காதில் விழுகிற தூரம்தான்.

“அண்ணாச்சி, நீங்களா பெரிய சாருகிட்ட சொன்னிய?”

“ஆமா பிள்ளே.”

“எப்படி அறிஞ்சிய?”

“நீ கடுகு வாங்கல்லியே. ரெம்ப நாளாச்சே.”

“எண்ணெ வாங்கினேனா?”

அவர் யோசித்தார். “இல்ல” என்றார்.

“எண்ணெ இல்லாத வீட்டுல கடுக வச்சுகிட்டு நான் என்ன செய்ய அண்ணாச்சி? உப்பப் போட்டு கஞ்சி குடிக்கோம். அந்த உப்பையும் நீங்கதானே தந்திய. அம்மன் வந்திருக்கான்னு சாருகிட்ட போயி சொல்லத் தெரிஞ்சுதே, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கப்பிடாதா?”

அண்ணாச்சி அகப்பையை எண்ணெய்க் குடத்தில் விட்டு, ஒரு செம்பில் நிறைய ஊற்றி நீட்டினார். எண்ணெய் அவர் மணிக்கட்டில் வழிந்தது.

“இப்பம் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மா நெல் அவிக்கவில்லை. அண்டாப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, “நான்தானே சத்தியம் வாங்கினேன்” என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பா சமாதானம் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. அடுத்த நாள் அரிசி கொஞ்சம் எடுத்துக்கொண்டு கால்வாய்க்கரைக்குப் போனாள். அரிசியோடு திரும்பி வந்தாள்.

பெரிய சாரும் இரண்டு முறை அந்த வீட்டுப் படியேறினார். பிள்ளையை அனுப்பும்படி மன்றாடினார். பொன்னுத்தாயின் அம்மா மரியாதையாகத்தான் பேசினாளாம். “எல்லாரு முன்னாலயும் வெளிய நிறுத்தின பிள்ள, சார். அவ இனி வரமாட்டேங்கா. நானும் சொல்ல மாட்டேன்.” அடுத்த போகமான கன்னிப்பூ நடவு வந்தபோது பொன்னுத்தாய் அம்மாவோடு நாற்றுப் பிடுங்கப் போனாள். காலையில் பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்தில்தான் வயலுக்குப் போகிறவர்கள் கடையைக் கடந்து போவார்கள். நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். அண்ணாச்சியும் அந்த நேரத்தில் கடைக்குள் இருட்டில் போய் எதையோ தேடுவார்.

அவருடைய கடைக்கு ஆள் வருவது குறைந்தது. சொல்லாதவர் என்று நம்பி வந்தவர்கள், சொல்லிவிட்டாரே என்று வடசேரிக்குப் போனார்கள். தப்பாகச் சொல்லிவிட்டாரே என்று வேறு சிலர் போனார்கள். மேலத்தெரு மருமகளும் வருவதை நிறுத்திக்கொண்டாள். எனக்கு அவர்மேல் கோபம் வந்ததில்லை. அந்தக் கடுகை மடிக்கும்போதும் ஒருத்தி கஞ்சியை நினைத்தார், தெருவைக் கடந்து போகும்போதும் ஒரு பிள்ளையின் கண்ணை நினைத்தார். இரண்டு தடவையும் அவர் மனசில் கெடுதல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. கெடுதல் நினைத்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

கன்னிப்பூ அந்த வருஷம் நன்றாக விளைந்தது. அறுப்பு முடிந்து ஊரில் எல்லோர் கையிலும் நெல் இருந்தது. நாளடைவில் ஊர் மறுபடியும் அண்ணாச்சி கடையில் கூடியது. வடசேரி எல்லா நாளும் நடக்கிற தூரமில்லையே. நானும் தங்கையும் போயிருந்தோம். அப்போது பொன்னுத்தாய் வந்தாள். வெயிலில் கறுத்து, கையெல்லாம் கதிர் கிழித்த கீறல். என்னைப் பார்த்துச் சிரித்தாள், பழைய சிரிப்புதான். பிறகு எல்லோருக்கும் முன்னால் வந்து நிமிர்ந்து நின்று, களத்தில் ஆளைக் கூப்பிடுவது போல ஓங்கிக் கேட்டாள்.

“அண்ணாச்சி! எண்ணெ ஒரு உழக்கு! வத்தல் மொளகு! கடுகு!”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி எண்ணெயை அளந்தார். மிளகாயை மடித்தார். கடுகை அள்ளும்போது கொஞ்சம் சிந்தியது. “மக்கா, பள்ளிக்கூடத்துக்கு…” என்று தொடங்கினார்.

“நாளைக்கு களத்துல சூடடிப்பு இருக்கு அண்ணாச்சி” என்று அதே சத்தத்தில் சொல்லிவிட்டு, அவள் பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் கடவத்தில் அடுக்கினாள். கடுகைக் கடைசியாக, மேலே வைத்தாள்.

என் தங்கை என் கையை இழுத்தாள். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

“அக்கா, அவ ஏன் இவ்வளவு சத்தமாட்டு கேக்கா?”

நான் அவள் கையை அமுக்கினேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பதில் சொன்னது அண்ணாச்சிதான்.

“எனக்குக் கேக்கணும்லா மக்கா. அதுக்குத்தான்.”